நாத்தனார் மெயில்

எனக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிகூடத் தலையைச் சொறிவார். "நாத்தனார் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். நேரே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ரிப்போர்ட் அடிக்கும் என் மேஜை முன்னால் நிறுத்திவிடுவார். நான் ஒரே ஒருவருக்குத்தான் நாத்தனார். ஆஸ்பத்திரிக்கே நாத்தனார் ஆன கதையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரே ஒருவர் என் அண்ணி. அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் பிரிவில், ஃபோன் எடுப்பவர். யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும், தலைமை ஆஸ்பத்திரியோ வெளியே இருக்கும் கிளைகளோ, முதலில் கூப்பிடுவது அண்ணியைத்தான். அதற்கு முன்னால் விசாரணை மேஜையில் மைக் வைத்து நோயாளிகளைக் கூப்பிடும் வேலையில் இருந்தார். அப்படி ஒரு குரல். சத்தமாக இருக்காது, ஆனால் கூட்டத்துக்குள் புகுந்து வந்து உங்களை மட்டும் தொடும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் அவரைக் கீழே கூட்டிக்கொண்டார். வேலையை அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

ஃபோனில் அண்ணி யாரையும் "நீங்க தப்பாப் போட்டிருக்கீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர் கொஞ்சம் அடம் பிடிக்குது, நாம ரெண்டு பேரும் சேர்ந்து சமாதானப்படுத்துவோம்" என்பார். கத்திக்கொண்டே ஃபோன் போட்ட பெரிய டாக்டர்கள்கூடச் சிரித்துக்கொண்டே வைப்பார்கள். வீட்டில் எனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசி கிடையாது. அண்ணனுக்கோ வாயே கிடையாது. அவன் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அண்ணி "என்ன?" என்பார். அவன் மறுபடி முணுமுணுப்பான். அண்ணி மறுபடி "என்ன சொன்னீங்க?" என்பார். நான் குறுக்கே பாய்ந்து, "வாயைத் திறந்து பேசேன்டா, உள்ளே முத்தா கொட்டி வெச்சிருக்க?" என்று அவனை வறுத்தெடுப்பேன். வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் நடந்த கூத்து இது. பாவம், என் அண்ணன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி புது மெயில் சர்வருக்கு மாறியது. பழையது கிழடு தட்டிவிட்டது, மெயில்கள் தொலைகின்றன, மாற்றியே ஆகவேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். மாற்றுவது அவர்கள் பாடு, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் புரோகிராமைத் திறந்து, பழைய சர்வரின் பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடிக்க வேண்டும். உள்ளே வரும் மெயிலுக்கு ஒரு கட்டம், வெளியே போகும் மெயிலுக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? எங்கள் ஆட்கள் அதிலேயே தலைகீழாக நின்றார்கள்.

ஒருவருக்கு பாஸ்வேர்ட் கேட்டுக் கேட்டு ஜன்னல் ஒன்று எழும்பிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு அனுப்பிய மெயிலெல்லாம் அவுட்பாக்ஸிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரே பிரிவில் ஒரு அம்மாளுக்குப் பழைய மெயில்கள் கண்ணில் படவில்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று காவலாளியிடமே புகார் கொடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புது சர்வரின் பெயர். பழையதன் பெயர் வெறும் 'மெயில்'. புதியது என்பதால் தலைவர் முன்னால் ஓர் ஆங்கில 'என்' எழுத்தைச் சேர்த்து 'என்மெயில்' என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு புள்ளி, அப்புறம் ஆஸ்பத்திரியின் பெயர்.

வைத்தவருக்கு அது இங்கிலீஷ் எழுத்து. கேட்டவர்களுக்கு அது தமிழ். "சர்வர் பேர் இருக்கிற கட்டத்துல என்மெயில்னு போடுங்க" என்று அண்ணி சொல்ல, ஆளாளுக்குத் தங்கள் சொந்த மெயில் முகவரியை அதில் அடித்தார்கள். எலும்பு டாக்டர், "என் மெயில்தான் போட்டிருக்கேன், உங்க மெயிலையா போடுவேன்?" என்று கோபித்துக்கொண்டார். சரி, எழுத்தைத் தனியாகச் சொல்வோம் என்று "என், என்" என்றால், கிளைகளில் இருப்பவர்களின் காதில் அது 'எம்' என்று விழுந்தது. அவர்கள் திருப்பிச் சொல்வது எம்மா என்னா என்று இந்தப் பக்கமும் தெரியவில்லை.

அப்போது அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்துகளுக்கு உறவுமுறையை வைத்துவிட்டார். ஏ என்றால் அக்கா, டி என்றால் தம்பி, எம் என்றால் மாமா, என் என்றால் நாத்தனார். தம்பி என்றதும் சிலர் 'டி' என்றும் சிலர் 'டிஹெச்' என்றும் அடித்துக் குழப்பியதில், அக்காவும் தம்பியும் சீக்கிரமே குடும்பத்தை விட்டு விலகிவிட்டார்கள். மிஞ்சியது மாமாவும் நாத்தனாரும்தான். "மாமா வேண்டாம் சார், நாத்தனாரைப் போடுங்க. நாத்தனார், அப்புறம் மெயில்" என்பார் அண்ணி. ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்க அது 'நாத்தனார் மெயில்' ஆகிவிட்டது. மாமா யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாத்தனார் யார் என்று மட்டும் எல்லாரும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

"உங்களுக்கு வேற உறவே கெடைக்கலையா அண்ணி?" என்று நான் வீட்டில் வந்து குதித்தேன்.

"நீதாம்மா கூட்டத்துல தனியாத் தெரியற" என்று சிரித்தார். "'நா'வும் நீளம், 'னா'வும் நீளம். எந்த லைன்லயும் கரையாது."

கரையாது என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் முறையும் வந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மதியம் என் ரிப்போர்ட் எதுவும் வெளியே போகவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். "வணக்கம், கம்ப்யூட்டர் பிரிவு. நீங்க எந்தப் பிரிவுலேருந்து பேசறீங்க?" என்றார். சரி, விளையாடுகிறார் போலிருக்கிறது என்று நானும், "ரத்தப் பரிசோதனைங்க மேடம்" என்றேன். மரியாதையாக எல்லாக் கேள்வியும் கேட்டார். மரியாதையாக நானும் பதில் சொன்னேன். கடைசியில், "போகிற மெயில் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க" என்றார். நான் வேண்டுமென்றே சீண்டினேன்.

"எம்மெயில்" என்றேன். "எம். மாமாவோட எம். நாத்தனாரைப் பிடிக்கல, தூக்கிட்டேன்."

"ரொம்ப சரிங்க. இப்ப அனுப்பிப் பாருங்க" என்றார் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குரலில் விளையாட்டே இல்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், காலையில் ஒரே பஸ்ஸில் வந்தோம்.

மேஜையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். கம்ப்யூட்டர் பிரிவின் கதவு திறந்திருந்தது. அண்ணி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஃபோனை இடது காதில் வைத்து, இன்னொரு கையால் அதன் மேல் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியெல்லாம் சுருங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பல் பிடுங்கும் நாற்காலியில் இருப்பவர் முகம் அப்படி இருக்கும். ஆனால் வாயிலிருந்து வந்த குரல் மட்டும் எப்போதும் போல மெதுவாகச் சிரித்துக்கொண்டே வந்தது. "நாத்தனார்னு சொன்னீங்களா? ஆமாங்க, நாத்தனாரேதான்."

அவர் ஃபோனை வைத்ததும் பின்னாலிருந்து "அண்ணி" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய் இன்னும் சத்தமாக, "அண்ணி!" என்றேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"எப்பத்துலேருந்து?"

"வலது காது போய் ரொம்ப நாளாச்சு. இடது காதுல வெறும் சத்தம் வரும். எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். ஃபோன்லதான் உதடு இல்லையே. அதான் நாத்தனார், மாமா எல்லாம். ஆளுங்க குழம்பறாங்கன்னு சொன்னேன். குழம்பினது நான்தான்."

"காது டாக்டர் மூணாவது மாடியிலதானே இருக்காரு? போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"பாத்தா என் பேர்ல ஒரு ஃபைல் போடுவாரு. அது இந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான் சுத்தும். ஏற்கெனவே ஃபோன் வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுக்கலாம்னு பேச்சு இருக்கு. ஃபோன் கேக்காத ஆளை ஃபோன்கிட்ட எதுக்கு வெப்பாங்க? இந்தக் குரல் ஒண்ணுதாம்மா எனக்குன்னு இருக்கிறது. வெள்ளிக்கிழம சாயங்காலம் பழைய சர்வர நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள எல்லாக் கிளையையும் மாத்தி முடிச்சிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. உங்கண்ணன்கிட்டயும்."

அண்ணனிடமும் என்று சொன்னபோது, வருஷக்கணக்கில் அவன் வாங்கிய திட்டெல்லாம் கண் முன்னால் வந்தது. அண்ணி அதை வாங்கவிட்டார், வேறு வழி இல்லாமல். கோபப்படவும் முடியவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு கிளையாக மாறிவிட்டது, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் சின்னக் கிளை ஒன்றைத் தவிர. அந்தக் கிளையிலிருந்து காலையிலேயே ஒரு குழந்தையின் ரத்தம் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தது. காய்ச்சல் இறங்காத குழந்தை. ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எந்த மருந்து என்று அங்கே முடிவு செய்ய வேண்டும். நான் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். அங்கே வந்து சேரவில்லை. பரிசோதனை எண்களை ஃபோனில் சொல்லக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் கண்டிப்பான விதி. ஓர் எண்ணைத் தவறாகக் கேட்டால் போகப்போவது ஓர் உயிர். எழுத்தாகத்தான் போகவேண்டும். நான் பதறிக்கொண்டு கீழே ஓடினேன்.

அந்தக் கிளையின் நர்ஸ் ஏற்கெனவே லைனில் இருந்தார். அண்ணியின் நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்" என்றார். கேட்டார். முகம் வெளிறியது. "மன்னிச்சுக்குங்க, இன்னும் ஒரே ஒரு தடவ."

அந்த நர்ஸுக்குத் தணிந்த குரல். அதோடு லைனில் கரகரப்பு வேறு. எதிர்முனையில் அவர் பொறுமை இழப்பது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அதே நேரம் கதவருகே செருப்புச் சத்தம். தலைவர் வந்து நின்றார். பழைய சர்வரை நிறுத்தலாமா என்று கேட்க வந்திருக்கிறார். பார்த்துக்கொண்டு நின்றார்.

"லைன் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்று அண்ணி சொல்லியிருக்கலாம். அதற்குள் தலைவர் போயிருப்பார். அண்ணி என்னைப் பார்த்தார். என் கையில் அந்தக் குழந்தையின் ரிப்போர்ட் இருந்தது, அதையும் பார்த்தார். பிறகு ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"சிஸ்டர், எனக்குக் காது கேக்காது" என்றார். அதே குரலில், கொஞ்சமும் தழுதழுக்காமல். "லைன்ல கோளாறு இல்ல, எனக்குத்தான். பக்கத்துல என் நாத்தனார் இருக்கா. நீங்க சொல்றத அவ எனக்குச் சொல்லுவா. நீங்க நிதானமாப் பேசுங்க."

"நெஜமான நாத்தனாரா?" என்று கேட்டார் நர்ஸ்.

"நெஜமான நாத்தனார்தான், சொல்லுங்க" என்றேன் நான். தலைவர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நாற்காலியை இழுத்து அண்ணிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். நர்ஸ் ஒரு வாக்கியம் சொல்வார். நான் அதை அண்ணியின் கண்ணைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன். அண்ணி என் உதட்டைப் பார்ப்பார்.

"சர்வர் கிடைக்கலன்னு இங்கிலீஷ்ல வருதாம்."

"வருகிற மெயில் கட்டத்துல என்ன இருக்குன்னு கேளு."

கேட்டேன். "என் மெயில்தான் போட்டிருக்காங்களாம்."

அண்ணி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

"என் மெயில்."

"உதடு மூடல. அப்ப எம் இல்ல, என்தான்" என்றார் தனக்குத்தானே. காதுக்கு இத்தனை நாளாகப் பிடிபடாத வித்தியாசம் கண்ணுக்கு எவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிட்டது! பிறகு அவர் முகம் மாறியது. "அவங்க 'என்'னு எழுத்தச் சொல்றாங்களா, என்னோடதுன்னு சொல்றாங்களா?"

நான் கேட்டேன். "என்னோடதுதான்! என்னோட மெயில் அட்ரஸ்!" என்றார் நர்ஸ். "முன்னாடி இருந்தவங்க 'என் மெயில்'னுதான் எழுதிக் குடுத்தாங்க."

அப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. கட்டத்தைத் துடைக்கச் சொன்னார். நாத்தனார், மெயில், புள்ளி, ஆஸ்பத்திரி பெயர். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தார்கள். புரோகிராமை மூடித் திறந்தார்கள். "வந்துடுச்சு! வந்துடுச்சும்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு!" என்று ஸ்பீக்கர் அதிரக் கத்தினார் நர்ஸ். அதை நான் திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை. அண்ணி என் முகத்திலேயே படித்துவிட்டார்.

தலைவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவரைத் திட்டி என் மனதை ஆற்றிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அண்ணிக்கு எதிரே வந்து உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாக, "ஏம்மா சொல்லல?" என்றுதான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "சார், ஃபோன்தானே முடியாது? எல்லாரையும் மெயில்ல எழுதச் சொல்லுங்க. அண்ணி மெயில்லயே பதில் சொல்லுவாங்க. வேல அப்படியே நடக்கும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"மெயில் வேல செய்யலங்கறத மெயில்ல எப்படிம்மா சொல்லுவாங்க?"

அண்ணி தலையை ஆட்டினார். "சார் சொல்றது சரிதான்" என்றார். எழுந்து, ஃபோனின் ஒயரைச் சிக்கெடுத்து, ஒழுங்காகச் சுற்றி வைத்தார். "பழைய சர்வர நிறுத்திடலாம் சார். எல்லாரும் மாறிட்டாங்க."

மூன்றாவது மாடிக் காது டாக்டர் பார்த்தார். நரம்பில் கோளாறு, போனது போனதுதான் என்றார். காதில் மாட்டும் கருவி கொடுத்தார். அதில் பாத்திரம் உருளுவதும் பஸ் ஹாரனும் பிரமாதமாகக் கேட்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. ஃபோன் வேலை வெளிக் கம்பெனிக்குப் போனது. அண்ணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. உள்ளறையில் பழைய மெயில்களைப் பிரித்துப் புது சர்வருக்கு ஏற்றும் வேலை. நாள் முழுக்க யாரும் அவரிடம் பேச வேண்டாம், அவரும் யாரிடமும் பேச வேண்டாம். "உள்ள ஃபோன் அடிக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "எடுக்கக் கை போகுது." அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணனிடம் அண்ணியே சொன்னார். அவன் வழக்கம்போல ஏதோ முணுமுணுத்தான். பிறகு நினைவு வந்து, எழுந்து விளக்கைப் போட்டு, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி, "சொல்லியிருக்கலாமே" என்றான். என் அண்ணன் வாயைத் திறந்து பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன மாதம் என் மெயில் மறுபடி மக்கர் செய்தது. வெளிக் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எங்கிருந்தோ ஒரு பையனின் குரல், என்னை முன்பின் தெரியாத குரல். "சர்வர் கட்டத்துல நாத்தனார் மெயில்னு போடுங்க மேடம்" என்றான். "நாத்தனார்னா என்-ங்க. உங்க ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னாதான் புரியும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

"தெரியும்" என்று மட்டும் சொன்னேன். நான் யார் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி பின்பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். கருவியைக் கழற்றி அலமாரி மேல் வைத்திருந்தார். "அண்ணி" என்றேன். திரும்பவில்லை. "அண்ணி!" என்று கத்தினேன். மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்த் தோளைத் தொடலாம்தான். தொட்டால் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுகிறது அவருக்கு, அதை என்னால் பார்க்க முடிவதில்லை. வாசற்படியிலேயே நின்றேன். எந்தப் பெயரைக் கேட்டு எரிச்சல்பட்டேனோ, அந்தப் பெயரை இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"நாத்தனார்!"

கை நின்றது. துணியை மார்போடு பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார்.

"வந்துட்டியா?" என்றார் அண்ணி, அந்தக் குரலில்.